ஆராய்ச்சி முடிவை உங்கள் வயலுக்குக் கொண்டுவருவது எப்படி?

புது நெல் ரகம், புது உர அளவு, தண்ணீரைக் குறைத்துக் கட்டும் முறை என்று ஒவ்வொரு பருவத்திலும் ஏதாவது ஒரு பரிந்துரை விவசாயிகளின் கைக்கு வந்து சேர்கிறது. வேளாண்மைத் துறைக் கூட்டத்தில் சொல்கிறார்கள், துண்டறிக்கையாகத் தருகிறார்கள், இப்போது வாட்ஸ்அப் குழுவிலும் வருகிறது. அதைக் கேட்ட கையோடு மூன்று ஏக்கரிலும் செய்துவிட்டு அறுவடையில் கைகடித்தவர்கள் உண்டு. "பண்ணையில் விளையும், நம்ம காட்டில் விளையாது" என்று ஒதுக்கிவிட்டு, பக்கத்து வயல்காரர் நான்கு வருடமாகச் செய்து பலன் பார்த்த பிறகு யோசிப்பவர்களும் உண்டு. இரண்டு வகையிலும் பணம் போவது விவசாயியின் பையில் இருந்துதான்.

ஒரு பரிந்துரையை எப்படிப் படிப்பது, உங்கள் வயலுக்கு அது பொருந்துமா என்று குறைந்த செலவில் எப்படிச் சோதிப்பது, எந்த முடிவுகளை உடனே எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுகள் நெல்லில் இருந்து வருகின்றன. சோதிக்கும் முறை கடலை, பருத்தி, காய்கறி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பரிந்துரை எந்தப் படியில் இருக்கிறது?

ஆராய்ச்சி நிலையத்தில் நன்றாக வந்த ரகமோ தொழில்நுட்பமோ அப்படியே விவசாயிக்கு வருவதில்லை. முதலில் நிலையத்துக்குள் சில பருவங்கள், பிறகு பல ஊர்களில் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் பல்வட்டார ஆய்வு, அதன்பின் வேளாண்மைத் துறை மூலம் விவசாயிகளின் நிலங்களில் ஆய்வு என்று படிப்படியாக நகரும். மாவட்டத்துக்கு ஏற்றதா என்று பார்க்கும் வேலை வேளாண் அறிவியல் நிலையத்துடையது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. இந்த நிலையங்கள் விவசாயி வழக்கமாகச் செய்யும் முறையையும் பரிந்துரை முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வயல்வெளி ஆய்வு நடத்துகின்றன. தேறியதை முதல்நிலைச் செயல்விளக்கத் திடலாகப் போட்டுக் காட்டுகின்றன.

ஆகவே யாராவது "ஆராய்ச்சியில் நிரூபித்தது" என்று சொன்னால், எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் விவசாயி நிலத்தில் இரண்டு பருவம் பார்த்த முடிவு என்றால் நம்பிக்கை அதிகம் வைக்கலாம். ஒரு கண்ணாடிக் கூடத்தில் தொட்டிச் செடியில் பார்த்த முடிவு என்றால் அது இன்னும் உங்கள் வரப்புக்கு வந்து சேரவில்லை. ஒரு பருவத்து மழையும் வெயிலும் எந்த முடிவையும் புரட்டிப் போட்டுவிடும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு இன்றும் நடக்கிறது என்றால், மண்ணைப் பற்றிச் சில உண்மைகள் தெரிய அவ்வளவு காலம் ஆகிறது என்பதால்தான்.

துண்டறிக்கையைப் படிக்கும்போது

முதல் வேலை, எக்டரை ஏக்கராக்குவது. ஆராய்ச்சிக் கணக்கு முழுவதும் எக்டரில் இருக்கும். 1 எக்டர் என்பது 2.47 ஏக்கர். "எக்டருக்கு 6,500 கிலோ மகசூல்" என்றால் ஏக்கருக்கு 2,630 கிலோ, அதாவது 60 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 44 மூட்டை. உர அளவையும் இப்படியே 2.47-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். எக்டர் அளவை ஏக்கர் அளவு என்று நினைத்து இரண்டரை மடங்கு போட்டுவிடும் தவறு இன்னும் நடக்கிறது.

அடுத்து, எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. "20 சதவீதம் கூடுதல் மகசூல்" என்ற வரி பல பாட்டில்களின் மேல் இருக்கிறது. எதைவிட 20 சதவீதம்? ஒன்றுமே போடாத திடலைவிடவா, வழக்கமான உரம் போட்ட திடலைவிடவா? ஒன்றுமே போடாத பயிரோடு ஒப்பிட்டால் எதைத் தெளித்தாலும் கொஞ்சம் கூடுதல் வரும். உங்களுக்கு வேண்டியது, இப்போது நீங்கள் செய்துவரும் முறையைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான். அது சொல்லப்படவில்லை என்றால் அந்தச் சதவீதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்றாவதாக நிபந்தனை. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு எல்லை உண்டு, துண்டறிக்கையில் அதற்குத்தான் இடம் இருக்காது. வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயிர் முழுவதும் மூழ்கினாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் உயிரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும் குணம் அதற்கு உண்டு. டெல்டாவில் சம்பா போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அந்தக் குணம் வேலை செய்வது பயிர் வளர்ச்சிப் பருவத்தில். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் சப் 1 காப்பாற்றாது. நேரடி விதைப்பில் முளைக்கும்போதே தண்ணீர் தேங்கினாலும் காப்பாற்றாது. மாதக்கணக்கில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கும் அது தீர்வு இல்லை. இன்னொன்றும் பார்க்க வேண்டும். இது 150 நாளைத் தாண்டும் நீண்ட கால ரகம். தாளடிக்குப் பிந்தி நடுகிறவருக்கு வயது ஒத்துவராது. "வெள்ளம் தாங்கும்" என்ற இரண்டு சொல்லை மட்டும் கேட்டு விதை வாங்கியவர் ரகத்தைக் குறை சொல்வார். ரகத்தின் மேல் தவறில்லை.

எந்தப் பருவம், எந்த மண், எந்த வயது ரகம், பாசனமா மானாவாரியா, எத்தனை பருவம் பார்த்தார்கள் என்று துண்டறிக்கை தந்தவரிடம் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத்தான் உதவி வேளாண்மை அலுவலர் இருக்கிறார்.

மண்வள அட்டை வீட்டில் தூங்குகிறதா?

ஆராய்ச்சி முடிவு ஏற்கெனவே உங்கள் பெயரில் எழுதி வீட்டில் கிடக்கும் ஒரே இடம் மண்வள அட்டை. 2015-ல் திட்டம் தொடங்கியதில் இருந்து வீட்டுக்கு வீடு அட்டை வந்துவிட்டது. உர மூட்டை மட்டும் பழைய கணக்கில்தான் வாங்கப்படுகிறது.

முதலில் அட்டையில் உள்ள மண் உங்கள் வயலில் எடுத்ததுதானா என்று பாருங்கள். திட்டத்தின் தொடக்கத்தில் பாசன நிலத்தில் 2.5 எக்டருக்கு ஒன்று, மானாவாரியில் 10 எக்டருக்கு ஒன்று என்ற கட்டக் கணக்கில்தான் மண் எடுத்தார்கள். அப்படியானால் அட்டையில் இருப்பது பக்கத்து வயல் மண்ணாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் நீங்களே எடுத்துக் கொடுங்கள். நெல் வயலில் 10, 15 இடங்களில் 'V' வடிவக் குழி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, குழிச் சுவரின் ஓரத்தில் சீராகச் சுரண்டி எடுத்துக் கலந்து, கால் பங்கீட்டு முறையில் அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். எரு கொட்டிய இடம், மர நிழல், வரப்போரம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி அட்டையை மூட்டையாக மாற்றுவோம். டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ. ஏக்கருக்கு ஏறக்குறைய 60:20:20. ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் (50 கிலோ) மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ இருக்கிறது. ஆக, நடவுக்கு முன் ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. போடும் வழக்கத்திலேயே மணிச்சத்து பரிந்துரையைத் தாண்டிவிட்டது. அட்டையில் மணிச்சத்து "அதிகம்" என்று இருந்தால், அதாவது எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால், கால் பங்கு குறைத்து 15 கிலோ மணிச்சத்து போதும். அதற்கு 33 கிலோ டி.ஏ.பி. போதுமானது. அதில் 6 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது, யூரியாக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஏக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு மூட்டை மிச்சம். பயிரில் எந்த வித்தியாசமும் தெரியாது. தெரியுமோ என்று பயம் இருந்தால், அடுத்து வரும் முறையில் சோதித்துப் பாருங்கள்.

உங்கள் வயலில் ஒரு சிறு சோதனை

1990-களில் வியட்நாமின் மேகாங் டெல்டாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இலைச்சுருட்டுப்புழு இலையைச் சுருட்டுவதைப் பார்த்ததும் விவசாயிகள் விதைத்த சில வாரங்களிலேயே மருந்து அடித்துவந்தார்கள். இளம் பயிர் அந்தச் சேதத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும், மகசூல் குறையாது என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் முடிவு. அதைக் கட்டுரையாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? "விதைத்த முதல் 40 நாள் இலைப்புழுவுக்கு மருந்து வேண்டாம்" என்ற ஒரே வரியாக அதைச் சுருக்கினார்கள். நம்பச் சொல்லவில்லை. உங்கள் வயலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் அடிக்காமல் விட்டு, மற்ற பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். வானொலி நாடகமும் போட்டார்கள். விவசாயிகள் செய்து பார்த்தார்கள், மகசூல் குறையவில்லை. அந்தப் பகுதிகளில் பூச்சிமருந்துத் தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விவசாயி தன் கண்ணால் பார்த்த முடிவு என்பதால் அது பரவியது.

அதே வேலையை நீங்களும் செய்யலாம். 20 சென்ட் போதும்.

நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் எக்டருக்கு 25 கிலோ, ஏக்கருக்கு 10 கிலோ என்பது பரிந்துரை. உங்கள் வயலுக்கு அது தேவையா என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் போடவில்லை, இந்த வருடம் போட்டேன், கூட விளைந்தது என்று சொல்வது சோதனை ஆகாது. மழையும் மாறியிருக்கும், ரகமும் மாறியிருக்கும். மேல வயலில் போட்டேன், கீழ வயலில் போடவில்லை என்பதும் ஆகாது, மண்ணே வேறு. ஒரே வயலை, ஒரே நாளில் நட்ட பயிரை, பட்டை பட்டையாகப் பிரிக்க வேண்டும்.

22 அடி அகலம், 99 அடி நீளம் என்றால் 5 சென்ட். இப்படி நான்கு பட்டைகள் போடுங்கள். பட்டைகளின் நீளம் மடைவாயில் இருந்து கடைக்கோடி வரை ஓடும்படி இருக்கட்டும். தண்ணீர் ஏறும் முனையில் எப்போதும் பயிர் ஒருவிதமாகவும் கடைசியில் ஒருவிதமாகவும் இருக்கும். குறுக்கே பிரித்தால் ஒரு பட்டைக்கு மேட்டுப் பகுதி முழுவதும், இன்னொன்றுக்குப் பள்ளம் முழுவதும் போய்விடும். நாற்றங்கால் இருந்த இடம், ஆட்டுக்கிடை போட்ட இடம், தென்னை நிழல் விழும் ஓரம் ஆகியவற்றைச் சோதனைக்குள் கொண்டுவராதீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் பட்டை பழைய முறை, இரண்டாவது புது முறை, மூன்றாவதும் புது முறை, நான்காவது பழைய முறை. வயலின் ஒரு பக்கத்தில் மண் கொஞ்சம் வளமாக இருந்தால்கூட இரு முறைக்கும் அந்த வளம் சமமாகப் பங்கு போகும். உரச் சோதனை என்றால் பட்டைகளுக்கு நடுவே சின்ன வரப்பு கட்டாயம். இல்லாவிட்டால் தண்ணீரோடு உரம் நடந்து பக்கத்துப் பட்டைக்குப் போய்விடும். தண்ணீரையும் ஒரு பட்டையில் இருந்து இன்னொன்றுக்கு விடாமல் தனித்தனியே கட்டுங்கள். இடைவெளி, ரகம் போன்ற சோதனைகளுக்கு வரப்பு வேண்டியதில்லை.

5 சென்ட் என்பது ஏக்கரில் 20-ல் ஒரு பங்கு. ஆகவே புதுப் பட்டை ஒன்றுக்குத் துத்தநாக சல்பேட் 500 கிராம். ஒரு கிலோ உலர் மணலோடு கலந்து, நடவுக்குச் சற்று முன் சீராகத் தூவுங்கள். மணிச்சத்து உரத்தோடு சேர்த்துக் கலக்காதீர்கள், துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் கட்டிப்போய்விடும். மற்ற எல்லாம் நான்கு பட்டைக்கும் ஒன்றுபோல நடக்க வேண்டும்: அதே யூரியா, அதே நாளில் களை, அதே மருந்து. ஒரே சோதனையில் இரண்டு புதுமையைச் சேர்த்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. நான்கு மூலையிலும் மூங்கில் குச்சி ஊன்றிப் பெயிண்ட் அடித்துவையுங்கள். அறுவடை நேரத்தில் எந்தப் பட்டை எது என்று மறந்துபோவதுதான் இந்தச் சோதனைகள் பாழாகும் வழக்கமான காரணம்.

அறுவடை இயந்திரம் வந்துவிட்டால் பட்டை கலந்துவிடும். அதற்கு முன்பே ஒவ்வொரு பட்டையிலும் நடுப்பகுதியில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் இரண்டு இடத்தில் கயிறு கட்டிக் கையால் அறுத்து, தனித்தனியே அடித்துத் தூற்றி எடை போடுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கு மகசூல் கணக்கிட வருகிறவர்கள் செய்வதும் இப்படிப்பட்ட அறுவடைச் சோதனைதான். இரண்டு சதுரமும் சேர்ந்தால் 50 சதுர மீட்டர். அந்த எடையை 81-ஆல் பெருக்கினால் ஏக்கர் மகசூல். நான்கு பட்டை நெல்லையும் ஒரே நாளில், ஒரே அளவு காய்ந்த பிறகு நிறுக்க வேண்டும். ஈரப்பதம் வேறாக இருந்தால் 14 சதவீதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 22 சதவீத ஈரத்தில் 12 கிலோ இருக்கிறது என்றால், 12-ஐ 78-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 10.9 கிலோ. இந்தக் கணக்கைப் போடாமல் விட்டால், கொஞ்சம் ஈரமாக இருந்த பட்டை ஜெயித்துவிடும்.

எடை வந்த பிறகு

எடை இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் பட்டை (பழையது) 29.2 கிலோ, இரண்டாவது (புது) 31.8, மூன்றாவது (புது) 31.2, நான்காவது (பழையது) 30.7. பழையதன் சராசரி 29.95, புதியதன் சராசரி 31.5. வித்தியாசம் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஏக்கருக்கு ஏறக்குறைய 125 கிலோ. இரண்டு மூட்டை கூடுதல் என்று சந்தோஷப்படத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். பழைய முறையில் இருந்த இரண்டு பட்டைகளையும் பாருங்கள். 29.2, 30.7. ஒரே ரகம், ஒரே உரம், ஒரே தண்ணீர், ஆனாலும் அவற்றுக்குள்ளேயே ஒன்றரைக் கிலோ வித்தியாசம். உங்கள் வயலின் இயல்பான ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்கிறது. புது முறை தந்த வித்தியாசமும் அதே அளவுதான். ஆகவே இந்த ஒரு சோதனையை வைத்துத் துத்தநாகம் வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புது முறைப் பட்டை இரண்டு ஜோடியிலும் முந்தியிருக்கிறது, அது நல்ல அறிகுறி. அடுத்த பருவம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஆராய்ச்சி நிலையங்களில் ஒரே முறையை மூன்று, நான்கு திடல்களில் திரும்பத் திரும்பப் போடுவது இதற்காகத்தான்.

பிறகு பணக் கணக்கு. முழுச் சாகுபடிச் செலவையும் எழுத வேண்டாம், மாறியது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். துத்தநாக சல்பேட் கிலோ 60 ரூபாய், தூவும் கூலி 200 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 800 ரூபாய் கூடுதல் செலவு. 125 கிலோ நெல் கிலோ 23 ரூபாய் வீதம் 2,875 ரூபாய் வரவு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். கூடுதலாகப் போடும் ஒரு ரூபாய்க்குக் குறைந்தது இரண்டு ரூபாயாவது திரும்ப வரும் என்றால்தான் வழக்கத்தை மாற்றுவது நல்லது. அதற்குக் கீழே என்றால் ஒரு மழைக்குக் கணக்கு புரண்டுவிடும். இந்த எடுத்துக்காட்டில் செலவு குறைவு, மண்ணிலும் பற்றாக்குறை இருக்கிறது, நட்ட 2 முதல் 4 வாரத்தில் இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி வருகிறது என்றால் சந்தேகத்தின் பலனைத் துத்தநாகத்துக்குக் கொடுத்துவிடலாம். ஏக்கருக்கு 3,000 ரூபாய் கேட்கும் ஒரு ஊக்கியாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. இன்னொரு பருவம் 10 சென்ட்டிலேயே நிற்கட்டும்.

மகசூலில் முதலிடம் பிடித்த முறைதான் லாபத்திலும் முதலிடம் பிடிக்கும் என்பது இல்லை. ஆராய்ச்சி அட்டவணையில் மேலே நிற்கும் முறைக்கு ஆள் எத்தனை பேர் தேவைப்பட்டது என்று பாருங்கள். திருந்திய நெல் சாகுபடியில் விதை மிச்சம், 14, 15 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25-க்கு 25 சென்டிமீட்டர், 10 நாளுக்கு ஒரு தடவை கோனோவீடர் ஓட்டுதல் என்று எல்லாம் சேர்ந்தால்தான் பரிந்துரை முழுமை. நடவுக்கு ஆள் கிடைக்காத ஊரில் பலர் விதைக் குறைப்பையும் இளநாற்றையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். முழு முறையின் மகசூலை அவர்கள் எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் எடுத்துக்கொண்டதில் பலன் இருக்கிறது. ஒரு தொகுப்பில் எந்தத் துண்டு தனியாகவும் பலன் தரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயமான கேள்விதான்.

சோதிக்காமலே எடுத்துக்கொள்ளக் கூடியவை

சில முடிவுகள் ஏற்கெனவே கருவியாகவே மாறி வந்துவிட்டன. உங்கள் வயல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அவை பதில் சொல்லும். அதனால் பெரிய அபாயம் இல்லை.

இலை வண்ண அட்டை அதில் முதலாவது. நட்ட 14-ம் நாளில் இருந்து (நேரடி விதைப்பில் 21-ம் நாளில் இருந்து) வாரம் ஒரு தடவை, காலை 8 மணியில் இருந்து 10 மணிக்குள், நன்றாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு வைத்துப் பாருங்கள். இலையைக் கிள்ளக் கூடாது. வெயில் நேரே படாமல் உங்கள் உடம்பு நிழல் விழட்டும். ஒரே ஆள்தான் ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஆள் கண் மாறும். 10 இலையில் 6 இலையாவது 4-ம் எண் நிறத்தைவிட வெளுப்பாக இருந்தால் மேலுரம் போட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் எண்தான் எல்லை. வெயில் பருவத்தில் எக்டருக்கு 35 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 31 கிலோ யூரியா. மழைப் பருவத்தில் 30 கிலோ தழைச்சத்து, ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. நிறம் சரியாக இருந்தால் மூட்டையை அவிழ்க்க வேண்டாம். பூக்கும் வரை இப்படிப் பார்த்துவந்தால் போதும். பச்சைப் பசேல் என்று நிற்கும் பயிரைப் பார்த்து மகிழ்வது புகையானும் இலைச்சுருட்டுப்புழுவும் குலைநோயும்தான். காற்று மழையில் சாய்வதும் அந்தப் பயிரே.

காய்ச்சலும் பாய்ச்சலும் நம்மவர்களுக்குப் பழகிய பேச்சு. எப்போது பாய்ச்சுவது என்பதை அளந்து சொல்ல ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு இருந்தால் போதும். 30 சென்டிமீட்டர் நீளம், 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டம். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வரப்புக்குப் பக்கத்தில், வயலின் சராசரி மட்டத்தில் ஊன்றுங்கள். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். நட்ட இரண்டு வாரத்துக்கு வழக்கம்போல் தண்ணீர் நிற்கட்டும், இல்லாவிட்டால் களை ஏறிவிடும். அதன்பின் குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டினால் போதும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மட்டும் காயவிடக் கூடாது. யூரியா போட வேண்டிய நாள் வந்தால் தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன் போடுங்கள்.

ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும் ஊரில் குழாய் "இன்று பாய்ச்சு" என்று சொல்லி என்ன பயன், முறை வந்த அன்றுதான் பாய்ச்ச முடியும். களிமண்ணில் வெடிப்பு விழும் வரை விட்டுவிட்டால் அடுத்து கட்டும் தண்ணீர் வெடிப்பு வழியே போய்விடும், மிச்சம் எதுவும் இருக்காது. உப்பு நிலத்தில் காயவிட்டால் உப்பு மேலே ஏறும், அங்கே இந்த முறையை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பொருளாதாரச் சேத நிலை. பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல், மருந்துச் செலவைத் தாண்டும் அளவுக்கு இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது. வயலில் குறுக்கே நடந்து 10, 20 குத்துகளை எண்ணுங்கள். வளர்ச்சிப் பருவத்தில் 100 தூருக்கு 10 குருத்து காய்ந்திருந்தால், அல்லது சதுர மீட்டருக்குத் தண்டு துளைப்பானின் முட்டைக் குவியல் 2 இருந்தால் நடவடிக்கை தேவை. இலைச்சுருட்டுப்புழுவுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், கதிர் வெளிவரும் நேரத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம். புகையான் தூருக்கு 1. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம், மீதியைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். புகையான் இருக்கும் வயலில் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் சிலந்தி சாகும், புகையான் முன்னைவிடப் பெருகும். கடையில் மருந்து வாங்கும்போது அந்த வகை வேண்டாம் என்று சொல்லியே வாங்குங்கள்.

எண்ணியதைச் சொல்லவும் இடம் இருக்கிறது

சோதனை முடிவை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, ரகம், எந்தப் பட்டையில் என்ன, போட்ட அளவு, பெய்த மழை, எடை. ஒரு பக்கம் போதும். அதே சோதனையை உங்கள் ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து செய்தால் ஒருவர் இரண்டு வருடத்தில் தெரிந்துகொள்வதை ஒரே பருவத்தில் தெரிந்துகொள்ளலாம். உழவர் உற்பத்தியாளர் குழுவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது.

பரிந்துரை உங்கள் மண்ணில் ஒத்துவரவில்லை என்றாலும் அந்த நோட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப்போங்கள். அங்கே நடக்கும் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் விவசாயப் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். அடுத்த ஆண்டு எந்த வயல்வெளி ஆய்வை எடுப்பது என்ற பேச்சு அங்கேதான் நடக்கும். அட்மா திட்டத்தில் வட்டார அளவில் உழவர் ஆலோசனைக் குழுவும் இருக்கிறது. "ஒத்துவரவில்லை" என்று வாயால் சொல்வதற்கும், நான்கு பட்டை எடையைக் காட்டிச் சொல்வதற்கும் அங்கே கிடைக்கும் கவனம் வேறு. நேரில் போக முடியாதவர்கள் உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800 180 1551-க்குப் பேசலாம், தமிழிலேயே பதில் கிடைக்கும். பேசுவதற்கு முன் ரகம், பயிரின் வயது, கடைசியாகப் போட்ட உரம், மருந்து ஆகியவற்றைக் கையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.